ஆறு நகர்ந்துபோன எல்லை

வடக்கு இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவரைப் பார்க்கப் போகிறவங்க பெரும்பாலும் மேட்டுப் பகுதிக்குத்தான் ஓடுவாங்க. நான் சொல்வது கில்ஸ்லாந்து கிராமத்திலிருந்து இர்திங் ஆற்றுக்கு இறங்கும் பாதை. வயல்வழி நடை, மூச்சு வாங்காது.

கி.பி. 122 வாக்கில் ரோமானியர்கள் தொடங்கிய சுவர் இது. வில்லோஃபோர்டு பக்கம் அஸ்திவாரம் அகலம், மேலே எழும் சுவர் ஒல்லி. கவனிச்சுப் பாருங்க. முதல் திட்டம் 10 ரோமானிய அடி அகலம். அஸ்திவாரம் போட்டபின் குறைத்துவிட்டார்கள். பாதி ப்ராஜெக்டில் ஸ்பெக் மாறுவது நம்ம காலத்து வியாதி மட்டுமில்லை!

அடுத்து, புல்வெளியில் ரோமானியப் பாலத்தின் கிழக்குக் கரைத் தாங்குசுவர். பக்கத்தில் தண்ணீரே இல்லை. காரணம், இத்தனை நூற்றாண்டில் இர்திங் மேற்குக் கரையை அரித்து அரித்துத் தள்ளிப்போய்விட்டது. ரோமானியர் காலத்திலேயே பாலத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றுக்கு மேற்கே சுவரே முதலில் மண்ணும் புல்கட்டியும்தான். கல் பிற்பாடு வந்தது.

இப்போதைய நடைபாலத்தைத் தாண்டினால் ஒரு செங்குத்து ஏற்றம். உச்சியில் சுவர் மறுபடி தொடங்கி பேர்டோஸ்வால்ட் கோட்டைக்குப் போகிறது. ஏற முடியாதவர்கள் ஆற்றோடு திரும்பிவிடலாம். எல்லைக்கோடு எவ்வளவு தற்காலிகமானது என்பதை அந்த வறண்ட தாங்குசுவரே சொல்லிவிடும். இன்றைய ஸ்காட்லாந்து எல்லைகூட இதற்கு வடக்கேதான்.