ஒரு குளமும் இரண்டு அச்சங்களும்

மாரி பிறந்துவிட்டால் உருத்திரபுரத்துக் கமக்காரர் வானத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. "குளத்தில் எத்தனை அடி?" என்றும் கேட்பர். குளம் என்றால் இரணைமடு. அக்கேள்வியினுள்ளே ஓர் ஊரின் வாழ்வும் அச்சமும் அடங்கியுள்ளன என்பது என் எண்ணம்.

வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்து நிற்பது இரணைமடு. குளத்து நீர் வாய்க்கால் வழியே உருத்திரபுரம் போன்ற குடியேற்ற ஊர்களின் வயல்களுக்கு வருகின்றது. குளம் கொள்ளாத நீரோ வான்கதவுகளால் வெளியேறி, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடனீரேரியை நாடுகின்றது. ஆகவே, தன் முற்றத்து மழையை மட்டும் அளந்து ஒருவன் தன் இடரை அறிந்துவிட முடியாது. தெற்கே தொலைவில் பெய்யும் மழையும் அவன் கணக்கிலே சேரவேண்டும்.

2016ஆம் ஆண்டுப் பருவமழை பொய்த்தது. 2017இல் வடமாகாணம் வறட்சியால் வாடியது. மறு ஆண்டு, 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பல்லாயிரவர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். வான்கதவுகளை எப்பொழுது திறந்திருக்கவேண்டும் என்ற வாதமும் அப்போது எழுந்தது.

அந்த வாதத்தின் வேரை நாம் காணவேண்டும். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்தில் எஞ்சும் நீரைப் பொறுத்தது. வாய்க்காற் கடைசியில் வயல் வைத்திருப்பவன் மார்கழியில் குளம் நிரம்பி நிற்க விரும்புகின்றான். ஆற்றோரத்தில் குடியிருப்பவனோ, அடுத்த மழையைத் தாங்கக் குளத்தில் இடம் இருக்கவேண்டும் என்று விரும்புகின்றான். இருவர் விருப்பமும் நியாயமானதே. ஒருவனுடைய காப்பு மற்றவனுடைய ஆபத்தாகிவிடுவதே இங்குள்ள சிக்கல்.

சுனாமிப் பேரழிவின் பின் 2005இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. இடரை மதிப்பிடுவோர் மூன்றைப் பார்ப்பர்: வரக்கூடிய ஆபத்து எது, அதன் வழியில் யார் இருக்கின்றனர், அவர்களுடைய தாங்கும் வலிமை எவ்வளவு என்பன அவை. முதலாவதை மழைமானியும் குளத்து அளவுகோலும் சொல்லும். மற்ற இரண்டையும் ஊரே சொல்லவேண்டும். இரவில் தனியே எழுந்து நடக்கமாட்டாத முதியவர் எந்த வீட்டில் இருக்கின்றார்? மாடுகளை ஏற்றி நிறுத்த மேட்டுநிலம் எங்கே? எந்தப் பாதை முதலில் மூழ்கும்? ஒருபோகம் தவறினால் கடனில் வீழும் குடும்பங்கள் எவை? மாவட்ட வரைபடத்தில் இவை தெரிவதில்லை. கிராம உத்தியோகத்தரும் ஆசிரியரும் மேல்வகுப்பு மாணவரும் சேர்ந்து நடந்தால் சில நாட்களில் எழுதி முடிக்கலாம்.

அவ்வாறு எழுதுங்கால் ஊரின் எல்லையோடு நின்றுவிடலாகாது. நீர் செல்லும் வழி முழுவதையும் ஒரே கணக்காகக் கொள்ளவேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு ஏக்கரைத் தீர்மானிக்கும்போது, ஆற்றோர மக்களின் குரலும் அங்கே ஒலிக்கவேண்டும். எத்தனை அடியில், எவ்வளவு மழை எதிர்பார்க்கப்படும்போது கதவு திறக்கப்படும் என்பதை மாரிக்கு முன்னரே இருசாராரும் அறிந்திருக்கவேண்டும். முன்கூட்டித் திறந்ததனால் சிறுபோகம் குறைந்தால், அந்த இழப்பைக் கடைவாய்க்காலான் மட்டும் சுமப்பது நீதியன்று. அதனை ஈடுசெய்யும் வழியும் அக்கணக்கில் இடம்பெறுதல் வேண்டும். யாருடைய இழப்பை யார் ஏற்பது என்பதை வெள்ளம் வந்த இரவில் பேசித் தீர்க்க முடியாது.