சிமிட்டுகிற டிவியைத் தூக்கிப் போடுவதற்கு முன்

டிவி சிமிட்டுகிறது, வாரண்டியும் முடிந்துவிட்டது என்று மீஞ்சூரில் யாராவது பேச்செடுத்தால், கூடவே இன்னொன்றும் வரும்: "பேனல் போயிடுச்சாம். புதுசே வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க." டீயைக் குடித்து முடியுங்கள், அதற்குள் அந்த முடிவுக்குப் போக வேண்டாம். பேனல் போனால் பெரும்பாலும் கோடு விழும், பாதித் திரை வெளுக்கும், படம் கறை படிந்தாற்போல் இருக்கும். திரை முழுக்க வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக இருந்தால், பழுது அநேகமாகப் பேனலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே இருப்பதைச் சரிசெய்ய முடியும்.

முதலில் டிவியையே சந்தேகப்படாதீர்கள். ரிமோட்டை எடுத்து டிவியின் மெனுவைத் திறங்கள். செட்டாப் பாக்ஸின் மெனு இல்லை, டிவியின் சொந்த மெனு. சேனல் துடிக்கும்போது மெனு மட்டும் ஆடாமல் நின்றால், குறை பாக்ஸிலோ எச்டிஎம்ஐ வயரிலோதான். மெனுவும் சேர்ந்து துடித்தால் டிவியைப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் வீட்டு விளக்கை ஒரு கண் பாருங்கள். டிவியோடு சேர்ந்து விளக்கும் மங்கிப் பிரகாசமானால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நியூட்ரல் வயர் எங்கோ தளர்ந்திருக்கலாம். அது முழுதாக விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறி, வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எரித்துவிடும். வீட்டுக்குள் என்றால் எலக்ட்ரீஷியன், கம்பத்தில் என்றால் ஈபி. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இப்படி எதுவும் இல்லாமல் டிவி மட்டும் சிமிட்டுகிறது என்றால் ஸ்டெபிலைசர் வாங்கிப் பணத்தை விடாதீர்கள். இன்றைய டிவிகள் பெரும்பாலானவற்றின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதற்காக அது சிமிட்டாது.

இனி எப்போது சிமிட்டுகிறது என்று கவனியுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இரண்டு நாள் வெறுமனே பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். காலையில் போட்டதும் துடித்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்கினால், பவர் போர்டில் உள்ள கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அதற்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துகொண்டே வரும். காய்ந்த கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யாது, சூடேறினால் ஓரளவு சமாளிக்கும். தலை உப்பியிருந்தால் பார்த்தாலே தெரிந்துவிடும், உப்பாமலும் கெடும். மாற்றப் போகிற பொருள் சில பத்து ரூபாய்தான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்குவது என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகு சிமிட்டினால் பேக்லைட் எல்இடியோ, விட்டுப்போன சோல்டரோ காரணமாக இருக்கலாம். பேனலுக்குப் பின்னால் எல்இடி பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். கோயில் உற்சவத்துக்குக் கட்டும் சீரியல் விளக்கு மாதிரிதான் அவையும். ஒன்றில் தொடர்பு விட்டால் அந்த வரிசை முழுவதும் அணையும். வரிசை அணைந்ததும் டிவியின் பாதுகாப்புச் சுற்று பேக்லைட்டையே நிறுத்திவிடும். சில மாடல்களில் மறுபடி போடும், மறுபடி நிறுத்தும். நமக்கு அது சிமிட்டலாகத் தெரிகிறது. குரல் வருகிறது, திரை இருட்டு என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது.

பின்மூடியை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. கிழக்கே காட்டுப்பள்ளிக் கடலின் உப்புக்காற்று. அத்திப்பட்டில் 1994-லிருந்து ஓடும் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1500 மெகாவாட்டில் இன்னொன்று. உப்பும் நிலக்கரிச் சாம்பலும் டிவியின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், மழைக்கால ஈரத்தில் போர்டின் மேல் படலமாகப் படியும். ரிப்பன் கேபிளின் முனையில் களிம்பேறும். படம் நடுங்கினால், கோடு வந்து வந்து போனால், போர்டை மாற்றுவதற்கு முன் அந்த கேபிளைக் கழற்றி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே சரியாகிவிடுவதும் உண்டு. உப்புத்தாளால் தேய்க்க விடக் கூடாது, முனையின் பூச்சு போய்விடும். சாம்பலைத் துடைக்கிறேன் என்று திரைமேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தையும் இன்றே விடுங்கள். நீர் வழிந்து கீழ் ஓரத்தில் இறங்கும். பேனலின் மெல்லிய இணைப்புகள் பல மாடல்களில் அங்கேதான் இருக்கின்றன. இப்படிப் போகிற பேனல்களை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எல்இடி பட்டை மாற்றுவது என்று முடிவானால் பேரத்தைத் தெளிவாகப் பேசுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டைகளையும் மாற்றச் சொல்லுங்கள். மற்றவையும் அதே வயது, அதே சூடு கண்டவை. பட்டையை எடுக்கக் கண்ணாடிப் பேனலைத் தூக்கியாக வேண்டும். 43 அங்குலம் என்றால் இரண்டு பேர் பிடிக்கும் வேலை. கை தவறி உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பட்டைகளையும் கேட்டு வாங்குங்கள். டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், பட்டையில் அச்சிட்ட எண்ணையும் போட்டோ எடுத்து வைத்தால் சென்னை ரிச்சி தெருவின் உதிரிபாகக் கடைகளில் அலைய வேண்டாம். கம்பெனி சர்வீஸில் உதிரிபாகமே கிடையாது என்று கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள்.

சரியானதும் பேக்லைட்டைப் பாதி அளவுக்குக் குறைத்து வையுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அளவிலேயே வீட்டிலும் ஓட்டுவதால்தான் எல்இடி சீக்கிரம் கருகுகிறது. வீட்டுக் கூடத்துக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையே இல்லை.

உண்மையிலேயே பேனல்தான் போயிருந்தால் செலவு செய்யாதீர்கள். பேனல் விலை புது டிவியை நெருங்கும். ஆனால் பவர் போர்டும் மெயின் போர்டும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு விலை உண்டு, மெக்கானிக்குகளே வாங்கிக்கொள்வார்கள். மீதியைக் காயலான் கடையில் உடைக்கக் கொடுக்க வேண்டாம். முக்கியமாக, எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி டிவிகளில் பேக்லைட்டாக மெல்லிய குழல்விளக்குகள் இருக்கும், அவற்றுக்குள் பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கே பழைய டிவி போய்ச் சேர வேண்டும்.