கருஞ்சீரகம் சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னீர்களா?

கருஞ்சீரகம், தேன், வெந்தயம் இல்லாத வீடு நம்மில் குறைவு. கருஞ்சீரகத்தில் நிவாரணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படியும் அவர்களே வழிகாட்டியுள்ளார்கள். எனவே ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடத் தேவையில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை நோய்: கருஞ்சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைக்கும் தன்மை உண்டு. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்கள் இவற்றையும் தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு அதன் அறிகுறிகள். நோன்பு காலத்தில் இன்னும் கவனம் தேவை. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போனால் அதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தைராய்டு: இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்தே டீ, காலை உணவு சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

இரத்தசோகை: இரும்புச்சத்து மாத்திரையை டீயுடன் போடாதீர்கள். டீ, சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி அதற்கு உதவும்.

இதய நோய்: இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை ஒரேயடியாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். வழக்கமாகச் சாப்பிடும் அளவையே தொடருங்கள்.

ஆண்டிபயாட்டிக்: டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றைப் பால், தயிருடன் விழுங்கினால் மருந்தின் பலன் குறையும்.

"இயற்கையானது, அதனால் ஆபத்தில்லை" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நோயைக் குணப்படுத்தும் ஒரு பொருள் உடலில் வேலை செய்கிறது என்றால், அது மருந்தோடும் மோதக்கூடும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீட்டில் சாப்பிடும் பொடி, எண்ணெய், சத்து மாத்திரை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக, வயதான பெற்றோருக்கு இதைப் பிள்ளைகள் செய்துகொடுங்கள்.

ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே. நம் அனைவருக்கும் அவன் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.