கணினி வேலை என்பது ஒரே வேலையா?

2005 ஆம் ஆண்டின் தொடக்கம். சுனாமி வடமராட்சிக் கரையோரத்தைப் புரட்டிப்போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. உயர்தரம் முடித்து, ஆறு மாதக் கணினிப் பயிற்சியும் பெற்றிருந்த எனக்கு, நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் விபரங்களைப் படிவங்களைப் பார்த்துக் கணினியில் பதிவதே என் பணி. அங்கே எல்லோரும் என்னைக் "கொம்பியூட்டர் பிள்ளை" என்றே அழைத்தனர். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. கணினி இயங்கவில்லை. வன்தட்டு பழுதாகி, ஐந்து வாரப் பதிவுகளும் அழிந்துவிட்டன.

"நீர்தானே பிள்ளை கணினிக்குப் பொறுப்பு? வேறை பிரதி எடுத்து வைக்கேல்லையோ?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"இல்லை சேர். அப்பிடி எடுக்கச் சொல்லி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை" என்றேன்.

அந்த மாதத்தோடு வேலை போய்விட்டது. படிவங்கள் தாளில் இருந்தபடியால் விபரங்கள் தப்பின. ஆனால் அவற்றை மீண்டும் பதியும்வரை அக்குடும்பங்களின் பெயர்கள் நிவாரணப் பட்டியலில் ஏறவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், "என்ரை பேர் ஏன் பிள்ளை இல்லை?" என்று கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அது என் தவறு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். இத்துறையை முறையாகக் கற்ற பின்னரே, அது எனக்கு ஒப்படைக்கப்படாத இன்னொருவரின் பணி என்பதும், அந்தப் பணிக்கு அலுவலகத்தில் ஆளே இருக்கவில்லை என்பதும் புரிந்தது.

தகவல் தொழினுட்பம் என்றால் என்ன?

ஒரு படிவத்தில் உள்ள பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவை தரவுகள். "இந்தக் கிராமத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், எவ்வளவு பால்மா தேவை?" என்ற கேள்விக்கு அத்தரவுகளைக் கொண்டு பெறும் விடையே தகவல். தரவைச் சேர்த்து, பாதுகாத்து, தகவலாக்கி, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பதற்கான வழிமுறைகளும் கருவிகளுமே தகவல் தொழினுட்பம் எனலாம்.

யார், என்ன செய்கிறார்?

ஆஸ்பத்திரியில் வைத்தியர், தாதி, மருந்தாளர் என்று பணிகள் பிரிந்திருப்பது போலவே இங்கும் உண்டு. படிவங்களைப் பிழையின்றிப் பதிபவர் தரவுப் பதிவாளர். அலுவலகத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று ஊழியர்களிடம் கேட்டறிந்து திட்டம் வரைபவர் முறைமைப் பகுப்பாய்வாளர். அத்திட்டத்தின்படி மென்பொருளை எழுதுபவர் நிரலாளர். அது சரியாக இயங்குகிறதா என்று பரிசோதிப்பவர் சோதனையாளர்.

தரவுகளை ஒழுங்குபடுத்துவது, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பது, காப்புப் பிரதி எடுப்பது என்பன தரவுத்தள நிர்வாகியின் பொறுப்புகள். கணினிகளை இணைத்துப் பேணுபவர் வலையமைப்பு நிர்வாகி. செலவையும் காலத்தையும் கவனித்து எல்லோரையும் ஒருங்கிணைப்பவர் செயற்றிட்ட முகாமையாளர். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியும் சொல்லப்பட்டுள்ளது.

சிறிய அலுவலகங்களில் இவை எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுவதுண்டு. பெரும்பாலும் அந்த ஒருவர், குறைந்த சம்பளத்தில் அமர்த்தப்பட்ட ஓர் இளம் பெண்ணாக இருப்பார். பல வேலைகளை ஒருவர் செய்வதைவிட, என்னென்ன வேலைகள் தன் பொறுப்பில் உள்ளன என்று தெரியாமலே செய்வதுதான் ஆபத்து.

எரிந்த நூலகமும் இணைய நூலகமும்

ஒரே பிரதி அழிந்தால் என்னவாகும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 2005 இல், நான் வேலையிழந்த அதே ஆண்டில், தன்னார்வலர்களின் முயற்சியால் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் இன்று எவரும் அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

ஒரு பழைய சஞ்சிகையை இவ்வாறு இணையத்தில் ஏற்றப் பலரின் உழைப்பு தேவை. பக்கங்களை ஒளிவருடுபவர், படங்களைச் சீராக்குபவர், ஆசிரியரையும் ஆண்டையும் சரிபார்த்துப் பட்டியலிடுபவர், கணினிகளைப் பேணுபவர் என அது நீளும். இவற்றுள் நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் இடமுண்டு. தமிழில் நல்ல தேர்ச்சியும் பொறுமையும் உள்ள ஒரு பெண் பட்டியலிடும் பணியில் சிறந்து விளங்கலாம்.

பெண்களுக்குப் புதிதல்ல

அமெரிக்காவில் 1946 இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். நெடுங்காலம் அவர்களின் பங்கு பேசப்படவே இல்லை. வேலை செய்தும் பதவிப் பெயர் இல்லாமற் போவது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

இன்று வழிகள் பல உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே படிக்கலாம். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளும் உண்டு.

சகோதரிகளே, "கணினி வேலை" என்று யாராவது அழைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பதவியின் பெயர் என்ன? என் பொறுப்புகள் நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டுள்ளனவா? காப்புப் பிரதி எடுப்பவர் யார்? அது நீங்கள்தான் என்றால், மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றை இரண்டு வகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றையாவது வேறொரு கட்டடத்தில் பாதுகாத்து வையுங்கள்.

அந்தக் கேள்விகளை அன்று நான் கேட்டிருந்தால், அந்தத் தாயின் பெயர் பட்டியலில் இருந்திருக்கும்.