நோவா ஏன் காத்திருந்தார்?



புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர் என்று கடலோர ஊர்கள்தான் நம் நினைவுக்கு வரும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் எனப் பாலாற்றுப் பக்கம் வாழும் நமக்குக் கடல் தூரம். ஆனாலும் புயல் நம்மைத் தேடி வருகிறது. கடற்கரையில் காற்றாக அடிப்பது, நம்மிடம் வந்து சேரும்போது மழையாகவும் வெள்ளமாகவும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. அதன் பிறகு, திருப்பத்தூருக்கு அடுத்துள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

2021-இல் வந்தது புயல் என்ற பெயர்கூடப் பெறாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நவம்பர் 19 அதிகாலையில் அது சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பல ஆண்டுகள் மணலாகவே கிடந்த பாலாறு பெருக்கெடுத்து ஓடியது. அதே நாளில் பேரணாம்பட்டில் வீடு ஒன்று இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, மழை நாட்களையும் மழை விட்ட பிறகு வரும் நாட்களையும் ஒரு குடும்பம் எப்படிக் கடப்பது என்று இன்று சிந்திப்போம்.

நம் கிளைக் கிராமங்களில் எங்கும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா டேனரியில் தினக்கூலி. அம்மா வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பாட்டியால் எழுந்து நடக்க முடியாது. வெளியே இரண்டு ஆடுகள். மூலையில் ஏஜென்ட் கொடுத்த சரக்கு மூட்டை. பள்ளிக்கூடத்தில் வந்து தங்குங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போகிறார்கள். அந்தத் தாய் மூட்டையைப் பார்க்கிறார். அது நனைந்தால் கூலியில் பிடிப்பார்களே என்ற கவலை. ஆடுகளை என்ன செய்வது என்ற கவலை. கடைசியில் யாரும் போகவில்லை. போனாலும், மழை விட்டதும் முதல் ஆளாகத் திரும்பி வருகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. மண்சுவர் மழையில்தான் விழும் என்று நினைக்கிறோம். மழை விட்ட பிறகு விழுகிற சுவர்களும் பல. தண்ணீர் அடியில் ஊறி மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஊறிய சுவருக்குக் கனம் கூடுகிறது, தாங்கும் சக்தி குறைகிறது. வெயில் பட்டதும் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, விரிசல் விடுகிறது. பகலெல்லாம் நின்ற சுவர், எல்லோரும் உறங்கும் இரவில் சாய்கிறது.

தொடக்கநூலில் நோவாவைப் பாருங்கள். நாற்பது நாளில் மழை நின்றது. ஆனால் அவர் உடனே பேழையை விட்டு வெளியே வரவில்லை. முதலில் காகத்தை அனுப்பினார். பிறகு புறாவை அனுப்பினார். ஏழு நாள் பொறுத்து மீண்டும் அனுப்பினார். இன்னும் ஏழு நாள் பொறுத்தார். தரை உலர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகும், ஏறக்குறைய எட்டு வாரம் உள்ளேயே இருந்தார். கடவுள் வெளியே வா என்று சொன்ன பிறகுதான் குடும்பத்தோடு இறங்கினார். பேழை கட்டியதில் மட்டும் அல்ல, இந்தக் காத்திருப்பிலும் அவருடைய விசுவாசம் இருந்தது. ஆகவே ஊறிய வீட்டுக்குள் அவசரப்பட்டுப் படுக்கப் போகாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. கடவுள் தந்த உயிரை மதிப்பதாகும்.

சரி, சுவர் காயும்வரை அந்தக் குடும்பம் எங்கே போகும்? திருத்தூதர் பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். செத்த விலங்கைத் தொடும் தொழில் என்று யூதர்கள் அதைத் தீட்டாக எண்ணிய காலம் அது. நம் மக்கள் செய்கிற அதே தொழில்! அந்த வீட்டு மாடியில் செபித்தபோதுதான், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக்கூடாது எனக் கடவுள் பேதுருவுக்கு உணர்த்தினார். நம்மில் கான்கிரீட் வீடு உள்ளவர்கள் அந்தச் சீமோனாக இருக்கலாம். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் கதவைத் திறக்கலாம். பாட்டிக்கு ஒரு கட்டில், ஆட்டுக்கு ஒரு தாழ்வாரம், மூட்டைக்கு ஒரு பரண் கிடைத்தால் அந்தத் தாய் நிம்மதியாக வெளியே வருவார். சரக்கு கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளத்தில் நனைந்ததற்கு அந்த ஏழைப் பெண்ணின் கூலியில் பிடிக்காதீர்கள்.

இனிச் சுத்தம் செய்யும் வேலை. வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருந்தால், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று தெரியாமல் கால் வைக்க வேண்டாம். சேற்றை அள்ளும் முன் சேதத்தைப் போட்டோ எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். விறகுக் குவியலில் பாம்பு இருக்கலாம். கோலால் தட்டிய பிறகே கை வையுங்கள். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் வேலை செய்து கையும் காலும் வெடித்திருப்பவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வெடிப்பு வழியாக நுழையக்கூடும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், சேற்றில் வேலை செய்ததைச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கென்று இன்னொன்றும் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். டேனரிக் கழிவின் உப்பும் குரோமியமும் போகாது. ஆகவே வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் காய்ச்சிவிட்டோமே என்று குடிக்காதீர்கள். குழாயில் வரும் குடிநீரையோ லாரித் தண்ணீரையோ வாங்கிக் காய்ச்சிக் குடியுங்கள். வெள்ளம் அடித்து வந்த தோல் துண்டுகளை அடுப்பிலும் போடாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. அவசரம் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் 1077 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

எருசலேமின் மதில் இடிந்து கிடந்தபோது நெகேமியா மக்களைக் கூப்பிட்டார். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். பொற்கொல்லரும் வணிகரும் மண் சுமந்தார்கள். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வந்து கட்டினார். ஐம்பத்திரண்டே நாளில் வேலை முடிந்தது. நம் அன்பியங்களும் இப்படிச் செய்யலாமே! மழைக்காலம் தொடங்கும் முன்பே, யார் வீட்டுச் சுவர் பலவீனம், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீடு அவர்களுக்குக் கதவு திறக்கும் என்று அன்பியக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வோம். வெள்ளம் வடிந்ததும் மண்வெட்டியோடு முதலில் அந்த வீட்டு வாசலில் நிற்போம்.

நோவா பேழையை விட்டு இறங்கியதும் செய்த முதல் காரியம், பீடம் கட்டிக் கடவுளுக்கு நன்றி சொன்னது. நம் பங்கில் எல்லாக் குடும்பமும் ஆள் குறையாமல் வந்து அப்படி நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் வரத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.