நகராத இட்லிப் பானை

இட்லிப் பானையைத் திறக்கும்போது மணிக்கட்டில் ஆவி அடித்தால் கொப்புளம் எப்படி எழும்பும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கொதிநீர் தெறித்த காயம் இரண்டு நாளில் ஆறிவிடும், ஆவிக் காயம் ஆறாது. அதனால்தான் என் அம்மா மூடியின் எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்கச் சொல்வார். ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும்.

தண்ணீரும் 100 டிகிரி, ஆவியும் 100 டிகிரி. பிறகு ஏன் ஆவி மட்டும் இப்படிச் சுடுகிறது? ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதித்த அந்த ஒரு கிராமை ஆவியாக்க மட்டும் இன்னொரு 540 கலோரி வேண்டும். அவ்வளவையும் ஆவி தனக்குள் ஒளித்துக்கொள்கிறது. கையில் பட்டு மறுபடி நீராகும் நொடியில் மொத்தத்தையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான் இது. புயல் என்னும் இயந்திரம் முழுக்க ஓடுவது இந்த ஒளித்துவைத்த வெப்பத்தில்தான்.

வங்காள விரிகுடாவை அகன்ற ஒரு பானையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மட்ட நீர் ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயலுக்குத் தீனி கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடல் பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கிறது. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று உயரே போகப் போகக் குளிர்கிறது. பானை மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்குமே, அதுபோல அங்கே துளிகள் பிறக்கின்றன. ஒவ்வொரு துளியும் பிறக்கும்போது தான் சுமந்துவந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சூடான காற்று இன்னும் மேலே ஏறுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, அந்த இடத்தை நிரப்ப நாலாபக்கமிருந்தும் கடற்காற்று ஈரத்தோடு ஓடிவருகிறது. சமையலறையில் நெருப்பு பானைக்கு அடியில் இருக்கும். இங்கே மழைத்துளியே மேலே இன்னொரு அடுப்பை மூட்டுகிறது.

ஓடிவரும் காற்று நேராக மையத்துக்குப் போய்ச் சேர முடிவதில்லை. பூமி சுழல்வதால் நம் வடபாதியில் அது வலப்பக்கம் விலகி, மையத்தைச் சுற்றத் தொடங்குகிறது. ரசத்தைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றினால் நடுவில் குழி விழுவதுபோல ஒரு தோற்றம்.

ஆனால் நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றியல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். 2016-இல் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தாவும், 2018-இல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை முறித்த கஜாவும் 100-ஐத் தாண்டியவை. வேகம் இரட்டித்தால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால் இந்த வித்தியாசம் பெரியது. காற்றை மட்டும் பார்த்தால் ஃபெஞ்சல் சின்னப் புயல்.

அது நின்றுவிட்டது. அங்கேதான் எல்லாம் மாறியது.

புயலுக்குச் சொந்தக் கால் கிடையாது. சுற்றிலும் வீசும் பெரிய காற்றோட்டம்தான் அதைச் சுமந்துபோகிறது, தண்ணீரில் மிதக்கும் கறிவேப்பிலையைப் போல. அந்த ஓட்டம் தளர்ந்தால் புயலும் நிற்கும். தோசை வார்க்கும்போது கை சுழன்றுகொண்டே இருந்தால் மாவு மெல்லிசாகப் பரவும், கை நின்ற இடத்தில் தடித்துப்போகும். கரையேறிய ஃபெஞ்சல் பல மணி நேரம் புதுச்சேரியை விட்டு நகரவில்லை. தரைக்கு வந்ததால் அடியில் அடுப்பு அணைந்ததுதான், ஆனால் அதன் ஒரு கை இன்னும் கடல்மேல் நீண்டிருந்தது. அந்தக் கை ஆவியை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தது. 'கரையைக் கடந்தது' என்று செய்தியில் கேட்டதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். என்னைக் கேட்டால், காற்றின் வேகத்துக்குப் பக்கத்தில் 'மணிக்கு இத்தனை கிலோமீட்டரில் நகர்கிறது' என்று வரும் சின்ன எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சுருங்கினால் பயப்பட வேண்டும்.

புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது 10 லிட்டர். அப்படியானால் 1,200 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் அன்று விழுந்தது 51,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நான்குக்கும் மேல். அந்தத் தெருவில் எத்தனை மாடிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் வடிய வேண்டும். சிங்க்கின் சல்லடையில் சோற்றுப் பருக்கை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரியும், பிளாஸ்டிக் அடைத்த தெருவோரக் கால்வாயும் அப்படித்தான். இன்னொரு அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. சிங்க்கின் குழாய் முனை நிரம்பிய வாளிக்குள் முங்கியிருந்தால், அடைப்பே இல்லாவிட்டாலும் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். புயற்காற்று கடலைக் கரைநோக்கித் தள்ளி முகத்துவாரத்தில் நீர்மட்டத்தை உயர்த்தும்போது ஆறுகளுக்கு நேர்வது அதுதான்.

பிறகு ஃபெஞ்சலின் மிச்சம் மெல்ல மேற்கே போனது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். மேல்வீட்டில் அண்டா கவிழ்ந்தால் கீழ்வீட்டுக் கூரை கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒழுகும். மேற்கே பெய்த அந்த மழையால் டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணை ஆற்றில் நொடிக்கு 1,68,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டது. அதாவது 47 லட்சம் லிட்டருக்கும் மேல், அதே லாரிக் கணக்கில் ஒவ்வொரு நொடியும் 390 லாரிக்கும் மேல். புயல் கடந்துபோய்விட்டது என்று இருந்த விழுப்புரம், கடலூர் ஆற்றோர ஊர்களுக்குள் அந்தத் தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.