சாம்பிராணியில் பிறந்த அமிலம்

விடுதி நண்பர் ஒருவர் சென்ற மாதம் நெல்லிக்காய்ச் சாறு பிழிந்து, அதில் சோடியம் பென்சோயேட்டைக் கரண்டியால் அள்ளிப் போட்டுச் சன்னலோர வெயிலில் வைத்தார். சாறு கெடாதாம்! கெடாமல் இருக்கலாம்; குடிக்கத் தகுமா என்பதன்றோ கேள்வி?

நம்மவர் சாம்பிராணி என்று வழங்குவனவற்றுள் ஒன்று, சுமத்திராத் தீவின் மரமொன்றில் வடியும் பிசின். அதைச் சூடாக்கினால் எழும் ஆவி, குளிர்ந்த இடத்தில் வெண்ணிறப் படிகமாகப் படியும். அதுவே பென்சாயிக் அமிலம். அராபியர் அப்பிசினை ‘லுபான் ஜாவி’ என்றனர். ஐரோப்பியர் நாவில் அது பென்சாயின் எனத் திரிந்தது. இன்று டொலுவீனைக் காற்றால் ஆக்சிகரணித்து ஆலைகளில் இவ்வமிலத்தை ஆக்குகின்றனர். தண்ணீரில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராமே கரையும். எளிதில் கரையும் சோடிய உப்பைப் பானங்களில் சேர்ப்பது அதனாலேதான்.

புளிப்பான சாற்றில் அவ்வுப்பு மீண்டும் அமிலமாகிறது. பிரியாத அமில மூலக்கூறு, பூஞ்சணத்தின் உயிரணுச் சவ்வைக் கடந்து உள்ளே புகும். அங்கே புளிப்பு குறைவாதலால் அது பிரிந்து, ஹைட்ரஜன் அயனியை வெளிவிட்டு, உயிரணுவின் உட்புறத்தையே புளிக்கச் செய்யும். பூஞ்சணம் வளரமுடியாமல் ஒடுங்கும். பி.எச். 4.5க்கு மேற்பட்ட பொருளில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. ஊறுகாய்க்கு உதவுவது தேங்காய்ச் சட்டினிக்கு உதவாது என்க. படர்தாமரைக்குப் பூசும் விட்ஃபீல்டு களிம்பிலும் இவ்வமிலம் உண்டு.

இது நஞ்சா? 1842இல் ஊலரின் ஆய்வுக்கூடத்தில் கெல்லர் என்பவர் இதைத் தாமே உண்டு பார்த்தார்; சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலமாக வெளியேறக் கண்டார். கல்லீரல் இதனைக் கிளைசினோடு இணைத்து அனுப்பிவிடுகிறது. பூனைக்கோ சிறிதளவும் ஆகாது. மனிதரிலும் சிலருக்குத் தோல் தடிக்கும். அமெரிக்காவில் உணவில் சேர்க்கும் வரம்பு 0.1 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம். கரண்டிக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நெல்லிக்காயில் மிகுந்திருக்கும் வைட்டமின் சி, இரும்பு அல்லது செம்பின் சுவடு கலந்துவிட்டால், பென்சோயேட்டைச் சிதைத்துச் சிறிதளவு பென்சீனை உண்டாக்கக்கூடும். வெப்பமும் வெயிலும் இதனை விரைவுபடுத்தும். பென்சீன் இரத்தப் புற்றுநோய் விளைக்கும் பொருள். இவ்வாறு பென்சீன் காணப்பட்டதால் 2006இல் பிரிட்டனில் சில குளிர்பானங்கள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன.

நண்பர் சாற்றைக் கொட்டிவிட்டார். நெல்லிச் சாற்றுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பாருண்டு. அது ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, அவரோ ஆஸ்துமாக்காரர். இப்பொழுது அன்றன்று பிழிந்து, எனக்கும் ஒரு குவளை தருகிறார்.